அபி ஆடப் போன ஊர்

1

போன ஏப்ரலில் என் மகள் எங்கள் வீட்டில் வந்து தங்குவதற்கு நான் அரசாங்கத்திடம் உத்தரவாதம் எழுதிக் கொடுத்தேன். தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரில், வெளிநாட்டவர் அலுவலகம் நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. நாங்கள் வந்த புதிதில் குடும்பத்தோடு அடிக்கடி ஏறிய படிகள்தான். இந்த முறை நான் மட்டும் ஏறினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"வரப்போகிறவர் பெயர்?"

"அபிநயா."

"உங்களுக்கு என்ன உறவு?"

"மகள்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "மகளா? பெற்றோரை அழைக்கத்தான் எல்லோரும் வருவார்கள். இதற்கு முன்னால் இங்கே வந்திருக்கிறாரா?"

"இங்கேதான் வளர்ந்தாள். தெருமுனையில் இருக்கிறதே, அந்தப் பள்ளியில்தான் படித்தாள்."

"நானும் அந்தப் பள்ளிதான்" என்றாள். பிறகு கொஞ்சம் சந்தேகத்தோடு, "அப்படியென்றால் அவருக்கு எதற்கு விசா?"

டென்னிஸ் ஆட்டக்காரி, பக்கத்து நகரத்தில் நடக்கும் போட்டியில் ஆட வருகிறாள், சென்னையில் இருக்கிறாள், இந்தியப் பாஸ்போர்ட் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கடைசியில் சொன்னாள்: "தூதரகத்தில் ஒன்று கேட்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் கட்டாயம் இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விடுவார் என்று உங்களால் எழுதித் தர முடியுமா?"

"முடியும்" என்றேன். "அதில் எனக்குச் சந்தேகமே இல்லை."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலை நான் வேலைக்குத் திரும்பவில்லை. ஊரில் இருப்பவர்கள் "பொண்ணு வெளிநாட்டுல வளர்ந்துட்டு ஏன் இங்க வந்து கஷ்டப்படுறா?" என்று என் தம்பியிடம் இன்னும் கேட்கிறார்களாம். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2

நாங்கள் சென்னையை விட்டுக் கிளம்பியபோது அபிக்கு நாலு வயது. நான் பிறந்து வளர்ந்தது தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு த்ரோபால் மட்டும்தான். டென்னிஸ் என்பது பஸ் ஜன்னலில் இருந்து, ஏதோ ஒரு கிளப்பின் சுற்றுச்சுவருக்கு மேலே பந்து எழும்பி மறைவதைப் பார்த்ததோடு சரி. என் கணவர் ரவிக்கு, கார் பாகங்கள் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் இங்கே வேலை கிடைத்தது. வந்தோம்.

அபி பாலர் பள்ளியில் முதல் வருடம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. வீட்டில் தமிழில் கொட்டித் தீர்ப்பாள். வாசல் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். அவளுடைய ஆசிரியைதான், "பேசத் தேவையில்லாத எதிலாவது சேர்த்துவிடுங்கள்" என்றார். எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலேயே ஒரு டென்னிஸ் கிளப் இருந்தது. செம்மண் தரை. முதல் நாள் காலுறை இரண்டும் செங்கல் நிறமாக வீட்டுக்கு வந்தாள். அந்த நிறம் அதற்குப் பிறகு எங்கள் துணி துவைக்கும் மெஷினை விட்டுப் போகவே இல்லை.

பத்து வயதில் ஊர் அணி. பதிமூன்று வயதில் மாநிலப் பயிற்சிக் குழு. வாரக் கடைசி எல்லாம் காரில் கழிந்தது. ரவி ஓட்டுவார். நான் இட்லி டப்பாவோடு முன் சீட்டில். பின்னால் அபி. ஒரு தடவை ஆட்டம் முடிந்து மற்ற அம்மாக்கள் கேட்டபோது, "தோற்றுவிட்டாள்" என்று சொல்ல நினைத்து, "பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டாள்" என்பதற்கான ஜெர்மன் சொல்லைச் சொல்லிவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை. ஆனால் அபி அங்கேயே, எல்லோர் முன்னாலும், என்னைத் திருத்தினாள். வீடு திரும்பும்வரை காரில் அவள் பேசியது அப்பாவிடம் மட்டும், அதுவும் ஜெர்மனில். அதற்குப் பிறகு தமிழ் மெல்ல மெல்லக் குறைந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இங்கே இருக்கும் எல்லாத் தமிழ் வீடுகளிலும் இதுதான் கதை என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினாறு வயதில் இடது மணிக்கட்டில் தசைநார் கிழிந்தது. அவள் பேக்ஹேண்டை, அதாவது இடது பக்கம் வரும் பந்தை, ராக்கெட்டை இரண்டு கைகளாலும் பிடித்து அடிப்பவள். அந்த அடிக்கு இடது கைதான் உயிர். ஒரு சீசன் போயிற்று. திரும்பி வந்து ஆடிப் பார்த்தாள். மாநிலப் பயிற்சியாளர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "நல்ல கைகள். ஆனால் அடிக்கிற பந்தில் கனம் இல்லை. இனி கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம்."

அபி ராக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் கீழ்த்தளத்துக் கிடங்கில் வைத்துவிட்டாள். அந்த வருடம் முழுக்க அவள் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண். பல்கலைக்கழகத்தில் இடம். நாங்கள் மூன்று பேரும் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம், அதுவும் கிடைக்கும் நிலையில் இருந்தது. எல்லாம் ஒழுங்காக நடப்பதாக எனக்குத் தோன்றியது.

3

பள்ளி முடிந்து பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு இடையில் இருந்த கோடையில் அவளைச் சென்னைக்கு அனுப்பினோம். என் தம்பி முரளி மயிலாப்பூரில் கச்சேரி ரோடு பக்கம் இருக்கிறான். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். "பொண்ணு நாள் பூரா போனையே பாத்துட்டு ஒக்காந்திருக்காக்கா" என்று சொல்லி, பட்டறைக்குப் போகும் வழியில் அவளை நந்தனத்தில் ஒரு டென்னிஸ் கோர்ட்டில் இறக்கிவிட ஆரம்பித்தான். இரவல் ராக்கெட். பொழுதுபோக்குக்கு என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

மூன்றாம் வாரம் அபி கூப்பிட்டாள். "டிக்கெட்டைத் தள்ளி வைக்க முடியுமா?" தள்ளி வைத்தோம். இன்னொரு தடவையும் கேட்டாள். அதற்குள் குடியுரிமைச் சான்றிதழ் வழங்கும் நாள் வந்துவிட்டது. அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் அவளே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். "நான் வரல" என்றாள், தமிழில். நான் விமானம் ஏறினேன்.

நந்தனம் கோர்ட்டுக்கு நான் போனது காலை எட்டு மணி இருக்கும். அதற்குள்ளேயே வெயில் சுட்டது. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் கூடையிலிருந்து பந்தை எடுத்து எடுத்து அடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் அபி ஓடிக்கொண்டிருந்தாள். டி-ஷர்ட் பிழியலாம் போல நனைந்திருந்தது. என்னைப் பார்த்தாள், நிற்கவில்லை.

அவன்தான் ஸ்டீபன். பெசன்ட் நகரில், வேளாங்கண்ணி கோயில் பக்கத்துக் குப்பத்துப் பையன். ஒரு காலத்தில் தேசிய அளவில் ஆடி, தோள்பட்டை போனதால் பயிற்சியாளராக மாறியவன். அப்போது அவனுக்கு முப்பது வயது இருக்கலாம். கூடை காலியானதும் என்னிடம் வந்தான்.

"அபி அம்மாவா? நெழல்ல உக்காருங்கக்கா."

"உக்கார வரல. அவள கூட்டிட்டுப் போக வந்தேன்."

"தெரியும்க்கா. அவளும் அதான் சொல்லிகினு இருந்தா."

"அங்க பெரிய கோச்சுங்க எல்லாம் பாத்துட்டு வேணாம்னு சொன்ன பொண்ணு. நீங்க எதுக்கு அவ மனசுல மறுபடியும் ஆசைய வளக்குறீங்க?"

"இன்னா சொன்னாங்க அவங்க?"

"பந்துல கனம் இல்லன்னு."

"கரெக்ட்டாதான் சொல்லிக்கிறாங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கனம் இல்லதான். ஆனா எதிராளி அடிக்கறதுக்கு முன்னாடியே பந்து எங்க வரும்னு இவளுக்குத் தெரிஞ்சிடுது. அத நான் யாருக்கும் சொல்லிக் குடுக்க முடியாது. கனத்த ஏத்திடலாம். ரெண்டு வருசம் ஆவும்."

"ஏத்த முடியலன்னா? அவ படிப்பும் போச்சு, பாஸ்போர்ட்டும் போச்சு. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கா?" முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "துபாய்ல ஒரு வேல வந்துச்சுக்கா. இவளப் பாத்துட்டுதான் போவல. நான் ஒண்ணும் புண்ணியத்துக்குப் பண்ணல. இவ மேல போனா நானும் மேல போவேன். இல்லாங்காட்டி ரெண்டு பேரும் இங்கியே கெடப்போம்."

அவன் பேச்சில் பூச்சு இல்லை. அது எனக்குப் பிடித்தது. ஆளைப் பிடிக்கவில்லை.

அன்று மதியம் முரளி வீட்டு மொட்டை மாடியில் அபியோடு சண்டை. தமிழும் ஜெர்மனும் கலந்து நடந்த சண்டை. "முதல்ல வந்து அந்தப் பாஸ்போர்ட்ட வாங்கிக்கோ. அப்புறம் இங்க வந்து ஆடு. யார் வேணாம்னா?" என்றேன்.

"அத வாங்கினா இதக் குடுத்துடணும்மா. ரெண்டும் வெச்சுக்க முடியாது. இந்தியாவுக்கு ஆட முடியாது. அங்க என்னை டீம்ல எடுக்க மாட்டாங்க. அப்போ நான் எங்க ஆடறது?"

"இத வெச்சுகிட்டு எந்த நாட்டுக்குப் போனாலும் விசாவுக்கு வரிசைல நிக்கணும், தெரியுமா?"

"நிக்கிறேன்."

"அப்படி என்ன இருக்கு இங்க?"

"அங்க நான் கோர்ட்டுக்காகக் காத்திருப்பேன். இங்க காலைல அஞ்சரைக்கு ஒருத்தர் எனக்காகப் பந்தோட காத்திருக்கார்."

4

இரண்டு நாள் ரவி போனில் பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தார். வந்து கையெழுத்தைப் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து யோசிக்கலாம் என்றார். அபி சரி என்றாள். பெட்டியை அடுக்கினாள். ஸ்டீபன் கொடுத்திருந்த இரண்டு ராக்கெட்டுகளையும் துணிக்கு நடுவில் வைத்தாள். காலை பத்து மணி விமானம், துபாய் வழி. முரளி விமான நிலைய வாசலில் எங்களை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான்.

பெட்டிகளைப் போட்டோம். போர்டிங் பாஸ் வாங்கினோம். குடியேற்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்போது அபி என் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா, என் பெட்டியத் திருப்பி எடுக்கச் சொல்லணும்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஏதோ மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் வந்தா திரும்பி வரமாட்டேன்மா. எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் நல்லா பேசுவீங்க. நானும் கேட்டுடுவேன். அதுக்குப் பயமா இருக்கு."

"அபி, ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அபி கைகாட்டியதும் விமான நிறுவனப் பெண் ஓடி வந்தாள். "மேடம், பேகேஜ் உள்ள போயிடுச்சு. இப்ப ஆஃப்லோட் பண்ணா ஃப்ளைட் லேட் ஆகும். நீங்க ரெண்டு பேருமா, ஒருத்தரா?" என் வேலை ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், திங்கட்கிழமை நான் அங்கே இருக்க வேண்டும். ஆனால் நான் போனது அதனால் மட்டும் இல்லை. கோபம். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கெஞ்சி, கடைசி நிமிடத்தில் ஊர் முன்னால் என்னை நிறுத்திவிட்டாளே என்கிற கோபம்.

"ஒருத்தர்தான்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

காவலர் ஒருவர் அபியை வெளியே அழைத்துப் போனார். குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "தனியாவா போறீங்க?" என்று கேட்டார். விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. துபாய்வரைக்கும் அதில் நான் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

5

சான்றிதழ் வழங்கும் கூட்டத்தில் எங்களுக்கு மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். நானும் ரவியும் வாங்கிக்கொண்டு வந்தோம். இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அந்த உரிமை தானாகப் போய்விடும். அபியுடையதும் போயிற்று. நாங்கள் அந்த நாளை வாய்விட்டுச் சொல்லாமலே கடந்தோம்.

முதல் வருடம் மோசமாக இருந்தது. இந்திய நகரங்களில் நடக்கும் சின்னச் சின்னப் போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்றாள். ரயிலில் போய், தோற்று, ரயிலில் திரும்பி வருவாள். "இன்னும் ரெண்டு தடவ தோத்தா தானா வந்துடுவா" என்று நான் ரவியிடம் சொல்வேன். உலகத் தரவரிசையில் அவள் பெயர் முதல்முதலாக ஏறியபோது ஆயிரத்துக்கும் கீழே எங்கோ இருந்தது. இரண்டாம் வருடம் எண்ணூற்றுச் சொச்சம். அந்த வருடக் கடைசியில் ஒரு சின்னப் போட்டியில் கோப்பையை வென்றாள். ஸ்டீபன் சொன்ன கனம் ஏறிக்கொண்டிருந்தது. வீடியோ அழைப்பில் அவள் தோள்களைப் பார்த்தாலே தெரியும்.

அவள் ஆட்டங்களை நான் பார்த்தது பெரும்பாலும் எண்களாகத்தான். மருத்துவமனை மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொள்வேன். பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்கள் மாறும். ஒரு நோயாளி பல் வலியோடு எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, தாய்லாந்தில் எங்கோ என் மகளின் எண் நின்றுவிடும், எதிராளியின் எண் மட்டும் ஏறும். என்ன நடக்கிறது என்று தெரியாது. கை போயிற்றோ, கால் பிசகியதோ. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று நோயாளிகள் என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

நான் பயந்ததும் நடந்தது. இங்கிலாந்தில் இரண்டு போட்டி, அமெரிக்காவில் ஒன்று. விசா வரவில்லை. பாஸ்போர்ட் தூதரகத்தில் மாட்டிக்கொண்டது, ஆள் மயிலாப்பூரில் உட்கார்ந்திருந்தாள். போட்டிப் பட்டியலில் இருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஒரு செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

அவள் தமிழ் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஆனால் நான் கற்றுக்கொடுத்த தமிழ் இல்லை. "அக்கா, உன் பொண்ணு எழுந்ததும் டீ இருக்கான்னு கேக்காம 'மாமா, டீ கீதா'ன்னு கேக்குறா" என்று முரளி சிரித்தான். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்து, அவள் கொட்டாவி விட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு நாள் நான் ஏதோ புலம்பும்போது, "இன்னாம்மா, சும்மா அதையே சொல்லிகினு இருக்க" என்றாள். திட்ட வாயெடுத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு என் மகள் என்னோடு தமிழில் சண்டை போடுகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. திட்டவில்லை.

6

போன நவம்பரில் சென்னையில் பெண்களுக்கான பெரிய சர்வதேசப் போட்டி. அபி அப்போது முந்நூறுக்குள் வந்திருந்தாள். தகுதிச் சுற்றில் ஆட வாய்ப்புக் கொடுத்தார்கள். நான் லீவு போட்டுக்கொண்டு போனேன். சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன்.

தகுதிச் சுற்றைக் கடந்தாள். முதன்மைச் சுற்றில் முதல் ஆட்டத்தையும் வென்றாள். இரண்டாம் சுற்றில் எதிராளி ஆறடிக்கு மேல் உயரமான ஒரு கிழக்கு ஐரோப்பியப் பெண். உலகின் முதல் அறுபது பேரில் ஒருத்தி. வென்றால் கிடைக்கும் புள்ளிகளோடு, உலகின் பெரிய நான்கு போட்டிகளின் தகுதிச் சுற்றுக்குப் போகலாம். தோற்றால் மறுபடி சின்ன ஊர்கள், மறுபடி ரயில். அபிக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. இந்த மாதிரி ஒரு வாரம் மறுபடி வருமா என்று யாருக்கும் தெரியாது.

முந்தைய ஆட்டத்திலேயே இடது மணிக்கட்டில் பழைய இடத்தில் வலி. பட்டை பட்டையாகப் பிளாஸ்திரி சுற்றி ஆடினாள். ஸ்டீபன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நானும் முரளியும் அவனுக்குப் பின்வரிசையில். முதல் செட் அரை மணியில் போயிற்று, ஆறுக்கு இரண்டு. இரண்டாம் செட்டில் ஒவ்வொரு பேக்ஹேண்டுக்கும் அவள் முகம் சுருங்கியது. பின்னால் இருந்தவர்கள் "கமான் அபி, கமான்" என்று கத்தினார்கள். நாலுக்கு ஐந்தில் எதிராளிக்கு இரண்டு மேட்ச் பாயின்ட். அடுத்த ஒரு பந்தில் ஆட்டம் முடிந்துவிடும் என்கிற நிலை. ஒன்றில் அபி, எதிராளி அடிப்பதற்கு முன்னாலேயே சரியான மூலைக்கு ஓடிப்போய் நின்றிருந்தாள். இன்னொன்றில் பந்து வலையில் பட்டு, மேலே உருண்டு, அந்தப் பக்கம் விழுந்தது. ஐந்துக்கு ஐந்து. மழை கொட்ட ஆரம்பித்தது. எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டீபன் வந்தான். "அக்கா, வாங்க. அவ உங்களக் கேக்குறா."

பிசியோதெரபி அறையில் அபி மேசைமேல் உட்கார்ந்து கையை ஐஸில் வைத்திருந்தாள். பிசியோ வடநாட்டுப் பெண். ஆடலாம், ஆனால் கிழிந்தாலும் கிழியும், நான் உறுதி சொல்ல முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"நிறுத்திக்கலாம்க்கா" என்றான் ஸ்டீபன். அவன் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "கை போச்சுன்னா ஒரு வருசம் போச்சு. ரெண்டாவது சுத்து வந்ததே பெருசு. நானே போய் ரெஃப்ரிகிட்ட சொல்லிடறேன்."

"இத்தன வருஷம் ஆடச் சொன்னதே நீங்கதான?"

"அதான்க்கா பயமா கீது. இதுக்கு மேல இன்னா ஆனாலும் நான்தான பொறுப்பு."

அபி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. நிறுத்தவா?"

அவளை நிறுத்து நிறுத்து என்று இத்தனை வருடம் சொன்னவள் நான். இப்போது சொன்னால் கேட்பாள் என்று தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். ராக்கெட்டுகளைக் கிடங்கில் வைத்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்த அந்த வருடத்து முகம் அங்கே வந்துகொண்டிருந்தது. இன்னும் முழுசாக வரவில்லை. அதை இன்னொரு வருடம் என்னால் பார்க்க முடியாது. மணிக்கட்டு ஆறும்.

"ரெண்டு கையாலயும் அடிக்காம ஆட முடியுமா?" என்று கேட்டேன். டென்னிஸ் பற்றி வாழ்க்கையில் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எதையும் தெரிந்து கேட்கவில்லை. வலிக்கிற கையை விட்டுவிடேன் என்கிற அர்த்தத்தில் கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஸ்லைஸ்" என்றாள் அபி. பந்தை ஒற்றைக் கையால் அறுத்த மாதிரி சீவி விடுவது.

"ஒரு செட்டு ஃபுல்லா ஸ்லைஸா?" ஸ்டீபன் தலையைச் சொறிந்தான். "சாவடிச்சுடுவா அவ."

"மழைல காத்து ஈரமாச்சு. பந்து எழும்பாது. அவ்ளோ உயரத்துலேர்ந்து குனியணும்ல அவ?" என்றாள் அபி.

ஸ்டீபன் வெளியே பெய்த மழையைப் பார்த்தான், பிசியோவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். "உங்க பொண்ணு, நீங்களே சொல்லுங்க."

"ஆடட்டும்" என்றேன்.

தரையைத் துடைத்துக் காயவைத்து ஆட்டம் தொடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அபி இடது கையை ராக்கெட்டில் வைக்கவே இல்லை. பந்து தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு போனது. அந்த உயரமான பெண் ஒவ்வொரு தடவையும் முட்டி மடக்கிக் குனிந்து எடுத்தாள். முதலில் எடுத்து வெளுத்தாள். பிறகு வலையில் அடித்தாள். பிறகு எரிச்சலில் வெளியே அடித்தாள். இரண்டாம் செட்டை, ஆறுக்கு ஆறு ஆனபின் ஆடும் டைபிரேக்கில் அபி எடுத்தாள். மூன்றாவதில் மூன்றுக்கு மூன்று, நாலுக்கு நாலு. முரளி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் பட்டறைக் கை, எனக்கு விரல் வலித்தது. நானும் இழுத்துக்கொள்ளவில்லை. ஐந்துக்கு நாலில் அபி சர்வ் போட்டாள். கடைசிப் பந்தை எதிராளி கோட்டுக்கு வெளியே அடித்தபோது யாரும் உடனே கத்தவில்லை. கோட்டு மேலேயா வெளியேயா என்று எல்லோரும் நடுவரைப் பார்த்தோம். பிறகுதான் அந்தச் சத்தம்.

ஸ்டீபன் எழுந்திருக்கவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஆட்டத்தில் அவளால் ஆட முடியவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது, விலகிக்கொண்டாள். மூன்று மாதம் கையில் கட்டு. என் ஒரு சொல்லுக்கு அவள் கொடுத்த விலை அது. அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. தரவரிசையில் இருநூறுக்குள் வந்திருந்தாள்.

7

மே மாதம் விசா வந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு அபி நாங்கள் இருக்கும் ஊருக்கு வந்தாள். பக்கத்து நகரத்தில் போட்டி, செம்மண் தரை, திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ஸ்டீபனுக்கு விசா கிடைக்கவில்லை, போனில் பேசினான். "அக்கா, செம்மண்ணுல சறுக்கி நிக்கச் சொல்லுங்க. மறந்திருப்பா" என்றான்.

விமான நிலையத்தில் நானும் ரவியும் காத்திருந்தோம். வெகு நேரம் கழித்து ராக்கெட் பையோடு வந்தாள். காரில் ஏறியதும் ரவி கேட்டார், ஏன் இவ்வளவு நேரம் என்று.

"ஆபீசர் கேள்வியா கேட்டுகினு இருந்தார்ப்பா. எவ்ளோ நாள் தங்குவீங்கன்னார். நான் இந்த ஊர் பாஷைலயே பதில் சொன்னேன். ஒரு மாதிரி பாத்தார்."

"என்ன சொன்ன?"

"தோக்கற வரைக்கும்னு சொன்னேன்." சிரித்தாள். "உண்மதானப்பா. டென்னிஸ்காரி வேற இன்னா சொல்லுவா? ஜெயிச்சா இன்னொரு நாள், தோத்தா அடுத்த ஊர்."

ரவி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரிக்குப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் எத்தனை நாள் இருப்பார்கள் என்று இங்கே எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். எனக்கு அது அன்றன்றைய ஆட்டம் முடிந்த மாலையில்தான் தெரியும்.

திங்கட்கிழமை ஜெயித்தாள். இரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டாள், தன் பழைய கட்டிலில் தூங்கினாள். புதன்கிழமை ஜெயித்தாள். நான் மருத்துவமனையில் லீவு சொல்லிவிட்டு மைதானத்தில் போய் உட்கார்ந்தேன். இடது கை இப்போது தைரியமாக ராக்கெட்டைப் பிடித்தது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் என்னிடம், "இந்தப் பெண் எந்த ஊர்?" என்று கேட்டார். "சென்னை" என்றேன். "ஆனால் இங்கே ஆடி வளர்ந்தவள் மாதிரி சறுக்குகிறாளே" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வியாழன் ஜெயித்தாள். வெள்ளி, மழையால் நின்று நின்று, மூன்று செட்டில் ஜெயித்தாள். அன்று சாம்பார் வைத்தேன். ரசத்துக்கு ஊறப்போட்ட புளியை மறுநாளைக்கு வைக்கலாமா என்று யோசித்து, அவள் இருப்பாள் என்று தைரியமாக வைத்தேன். சனிக்கிழமை அரையிறுதி. அதையும் ஜெயித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கையில் கோப்பையோடு நின்றாள். மைக்கில் முதலில் ஜெர்மனில் நன்றி சொன்னாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஸ்டீபண்ணா, சறுக்கினேன்ல?" என்றாள். ரவி போனை உயர்த்திப் பிடித்திருந்தார். நந்தனத்தில் அது கேட்டிருக்கும்.

அந்த வாரம் அவள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலை கிளம்பிவிட்டாள்.